நாத்தனார் முடிச்சு

செப்டம்பர் 4, 2024, புதன்கிழமை.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். அக்கா கையை ஊறவைக்கும் வெந்நீரில் என் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்றேன். என் விரலுக்குத்தான் அது சரி. அக்காவின் விரல் நுனிக்குக் குளிர் பட்ட நேரத்தில் சூடு தெரியாது. தெரிந்த விஷயம்தான், அந்த நேரம் மறந்துவிட்டது. வலது ஆள்காட்டி விரலில் கொப்புளம். பரவாயில்லை என்றாள் அக்கா. பரவாயில்லை என்று நான் எழுதக்கூடாது. இனிமேல் வெப்பமானி வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

தாமரை நாட்குறிப்பை மூடிப் பைக்குள் வைத்தாள். கணக்கியல் ஆசிரியர் இன்னும் வரவில்லை. பகலில் கிள்ளானில் ஒரு சரக்கு ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை, சாயங்காலம் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸில் இந்த வகுப்பு. எந்த அறைக்குள் போனாலும் அவள் முதலில் தலையைத் தூக்கி, குளிர்காற்று எந்தப் பக்கமிருந்து இறங்குகிறது என்றுதான் பார்ப்பாள். அவளுக்குக் குளிர் ஒன்றும் செய்யாது. அக்காவோடு வெளியே போய்ப் போய் வந்த பழக்கம் அது.

அக்கா உஷாராணிக்குத் தோல் இறுகும் நோய். மருத்துவமனை அட்டையில் சிஸ்டமிக் ஸ்க்லெரோசிஸ் என்று இருக்கும். தோல் தடித்து இறுகுவது கண்ணுக்குத் தெரிவது. உள்ளே நுண்ணிய இரத்தக் குழாய்களும் குறுகிப் போகின்றன. கொஞ்சம் குளிர்ந்தால் போதும், விரல்கள் மெழுகுபோல வெளுத்துவிடும். பிறகு நீலமாகும். இரத்தம் திரும்பும்போது சிவந்து, ஊசி ஊசியாகக் குத்தும். மலேசியாவில் ஏது குளிர் என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். இந்த ஊரில் குளிர் வானத்திலிருந்து வருவதில்லை, கூரையிலிருந்து வருகிறது என்பதை அவர்களுக்கு எத்தனை முறை சொல்வது? ரயிலில், வங்கியில், பேரங்காடியில், மருத்துவரைப் பார்க்கக் காத்திருக்கும் அறையில்கூட. உஷாராணி பாலர் பள்ளி வேலையை விட்டதும் வகுப்பறைக் குளிர்சாதனத்தால்தான். பிள்ளைகளுக்கு வேர்க்கிறது என்று அதை அணைக்க விடமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் தம்பி பிரவினுக்குக் கல்யாணம். இருவருக்கும் நடுவில் பிறந்தவன் அவன், தாமரைக்கு அண்ணன். தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டையும் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் போட வேண்டும். அவள்தான் நாத்தனார். அதில் மூத்தவள் உஷாராணி.

மறுநாள் சாயங்காலம் சந்திரகலா அத்தை வீட்டுக்கு வந்து, பலகாரத் தட்டுகளை எண்ணி முடித்த பிறகு மெதுவாக அந்தப் பேச்சை எடுத்தாள். அப்பாவின் தங்கை அவள். முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் அம்மாவின் கழுத்தில் நாத்தனார் முடிச்சுப் போட்ட கை அவளுடையது.

"உஷா, தப்பா எடுத்துக்காதம்மா. குருக்கள் குறிச்ச நேரத்துக்குள்ள முடிச்சு விழணும். தாமரையும் நாத்தனார்தானே, அவ போடட்டுமே."

உஷாராணி மேசை விசிறியை அணைத்துவிட்டு, அதன் கழுத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் கயிற்றைப் போட்டு முடிந்துகொண்டிருந்தாள். ஒரு வாரமாக அவளுக்கு அந்த விசிறிதான் கல்யாணப் பெண். வளைந்து இறுகிய விரல்கள் கயிற்றைத் தேடிப் பிடிக்கும், நழுவவிடும், மறுபடி பிடிக்கும். கடைசியில் முடிச்சு விழுந்துவிடும்.

"மொதல்ல காய் நறுக்க வேணாம்னீங்க," என்றாள், கயிற்றைப் பார்த்தபடியே. "அப்புறம் கோலம் போட வேணாம். புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிறதும் போச்சு. ஒவ்வொண்ணா என் கையில இருந்து வாங்கிக்கிட்டே வர்றீங்க. அவன் என் தம்பி அத்தை. இத நான்தான் கட்டுவேன்."

வாசலில் காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த பிரவின் தலையை நீட்டினான். "அக்காதான் கட்டணும். இல்லேன்னா மூணு முடிச்சையும் நானே போட்டுட்டு வந்துர்றேன்."

"ஆமா, நீ சப்பாத்துக் கயிறு கட்டுற லட்சணத்ததான் நாங்க பாத்திருக்கோமே," என்றாள் அத்தை. அம்மாகூடச் சிரித்துவிட்டாள். அத்தோடு பேச்சு நின்றது. அத்தையின் முகத்தில் மட்டும் அது நிற்கவில்லை.

அன்றைக்குப் படுக்கப் போகுமுன் அக்காவும் தங்கையும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மேடையில் விரல் சொன்னபடி கேட்காவிட்டால் உஷாராணியே தங்கையைக் கூப்பிடுவாள். "நீயா வந்து என் கையில இருந்து பிடுங்கக் கூடாது," என்றாள் அக்கா. தாமரை தலையசைத்தாள். தலையசைத்த பிறகுதான், கூப்பிடுகிற ஆளா அக்கா என்ற சந்தேகம் அவளுக்கு வந்தது.

சந்தேகம் வந்தால் தாமரை சும்மா இருக்க மாட்டாள். செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாகச் செய்தால் சந்தேகம் குறையும் என்பது அவள் நம்பிக்கை. வெள்ளிக்கிழமை அலுவலகத்திலிருந்து நேராகக் கல்யாண மண்டபத்துக்குப் போனாள். மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் குகன், குளிர்சாதனத்தைக் குறைப்பது என்ற பேச்சே வேண்டாம் என்றான். ஐந்நூறு பேர் பட்டுக் கட்டிக்கொண்டு வந்து வேர்த்து ஊற்றினால் ஏச்சு வாங்குவது அவன்தானாம். மேடைக்கு நேர் மேலே இருக்கும் குளிர்காற்றுத் துவாரத்தை மட்டுமாவது அடைக்க முடியுமா என்று தாமரை கேட்டாள். அவன் மேலே பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு ஏணியைக் கொண்டுவரச் சொன்னான். அட்டையை வெட்டி ஒட்டி, மேலே வெள்ளைத் துணி சுற்றி, அலங்காரத்தில் ஒன்று போலவே ஆக்கிவிட்டார்கள்.

"இவ்ளோ யோசிக்கிற ஆளு நீதான் தங்கச்சி," என்றான் குகன். "பொண்ணு வீட்டுக்காரங்க எல்லாம் என்கிட்ட ஐஸ் மாதிரி வேணும்னு கேப்பாங்க லா."

சனிக்கிழமை அவள் கோலாலம்பூரில் ஒரு பேரங்காடிக்குப் போய், குளிர் நாடுகளுக்குப் போகிறவர்கள் துணி வாங்கும் கடையைத் தேடிப் பிடித்தாள். கையை மட்டும் மூடிப் பயனில்லை, நெஞ்சும் முதுகும் சூடாக இருந்தால்தான் விரலுக்கு இரத்தம் போகும், உடம்பு குளிர்ந்தால் அது முதலில் கைவிடுவது விரல்களைத்தான் என்று மருத்துவர் பலமுறை சொல்லியிருக்கிறார். இரவிக்கைக்கு உள்ளே போட மெல்லிய, உடம்போடு ஒட்டும் கம்பளி உள்சட்டை ஒன்றை எடுத்தாள். எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்று கடைப் பெண் கேட்டாள். கிள்ளானுக்கு என்றாள் தாமரை. அந்தப் பெண் சிரித்தாள். தாமரைக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவுக்கு உள்சட்டையைப் போட்டு, அதன் மேல் இரவிக்கையைப் போட்டு, சேலையின் ஒவ்வொரு மடிப்பையும் ஊசி குத்தி நிறுத்தியவள் தாமரைதான். கொப்புளத்தின் மேல் மெல்லிய கட்டு ஒன்றும் போட்டாள். கையுறையும் வைத்திருந்தாள். மேடையில் அதைப் போட்டால் ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர் மாதிரி இருக்கும் என்று அக்காவே சிரித்து ஒதுக்கிவிட்டாள். கண்ணாடியில் அவளைப் பார்த்தபோது தாமரைக்கு நிறைவாக இருந்தது. துவாரம் அடைத்தாயிற்று, உள்சட்டை போட்டாயிற்று, சூட்டுப் பைகள் இரண்டு கையில் இருக்கின்றன. விட்டுப்போனது எதுவும் இல்லை என்று நினைத்தாள்.

விட்டுப்போனது மாப்பிள்ளை ஊர்வலம்.

கார் நிறுத்துமிடத்திலிருந்து மண்டப வாசல் வரை ஐந்து நிமிட நடைதான். ஆனால் உறுமி மேளம் வந்திருந்தது. பிரவினின் கூட்டாளிகள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மாப்பிள்ளையை நடுவில் நிறுத்தி ஆட ஆரம்பித்துவிட்டார்கள். ஓர் அடி நகர்ந்தால் ஒரு பாட்டுக்கு ஆட்டம். தார் தரை அனலாகக் கொதித்தது. சீர்த் தட்டோடு முன்னால் நின்ற உஷாராணி நகர முடியாது, அது அவள் இடம். தாமரை குடையைப் பிடித்தாள். ஓரத்தில் நின்ற ரப்பர் மரத்தடிக்குப் போய் நிற்கலாமா என்று கேட்டாள். ஊர்வலத்தை விட்டு நாத்தனார் போகலாமா என்று யாரோ சொன்னார்கள். அக்காவின் முழங்கையிலும் கையிலும் தோல் இறுகிய இடங்களில் வேர்வையே வராது. வராத வேர்வைக்கெல்லாம் சேர்த்து அவள் முதுகு வடித்தது. சூடு தாங்காமல் அவள் முகம் கன்றிப்போயிற்று.

ஒருவழியாக வாசலுக்கு வந்தார்கள். ஆரத்தி சுற்றினார்கள். கண்ணாடிக் கதவு திறந்தது.

உள்ளேயிருந்து வந்த காற்று எல்லோருக்கும் சொர்க்கமாக இருந்தது. பெண்ணின் அப்பா ராதாகிருஷ்ணன், கேரி தீவிலிருந்து வந்தவர், அப்பாடா என்று சத்தமாகவே மூச்சு விட்டார். கூட்டத்தில் இடிபடாமல் இருக்க அக்காவின் முதுகில் கை வைத்து நடத்திக்கொண்டு போன தாமரைக்குக் கை சில்லென்றது. இரவிக்கை நனைந்திருந்தது. அதற்குள் கம்பளி உள்சட்டை ஊறிப்போய் முதுகோடு ஒட்டிக்கிடந்தது. ஐஸ் தண்ணீரில் நனைத்துப் போர்த்தியது போல. அவள் வாங்கி வந்த சட்டை. அவள் போட்டுவிட்ட சட்டை.

கழற்ற வேண்டுமென்றால் சேலை ஊசிகள் அத்தனையும் அவிழ்க்க வேண்டும். மேடையில் குருக்கள் நேரமாகிறது என்று இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். தாமரை மேடைக்குப் பின்னால் அக்காவின் கையை எடுத்துப் பார்த்தாள். நுனி விரல்கள் வெளுத்திருந்தன. சூட்டுப் பைகளை உள்ளங்கையில் வைத்து மூடினாள். முதுகில் குளிர் இருக்கும்வரை அது பயன்படாது என்பது அவளுக்கே தெரிந்தது.

"ஏன்டி இப்பிடி வெறைச்சுப் போயிருக்கு?" என்று அத்தை வந்தாள். கைப்பையிலிருந்து தைலப் புட்டியை எடுத்து, தாமரை தடுக்குமுன் உஷாராணியின் பத்து விரலிலும் வழிய வழியத் தேய்த்தாள். எரிந்தால் சூடேறிவிட்டது என்பது அத்தையின் கணக்கு. தைலத்தில் எரிச்சல்தான் உண்டு, சூடு கிடையாது. அதைச் சொல்ல நேரமில்லை. பாசத்தோடுதான் தேய்த்தாள், கண்கூடக் கலங்கியிருந்தது.

"அக்கா, நான் போடட்டுமா?" என்றாள் தாமரை.

உஷாராணி எண்ணெய் மின்னும் விரல்களைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். "நான் கூப்பிடுறேன்னு சொன்னேன்ல."

கெட்டிமேளம் என்று குருக்கள் கை தூக்கினார். நாதசுரமும் தவிலும் ஒன்றாக எழுந்தன. பிரவின் பெண்ணின் கழுத்தில் தாலியைச் சுற்றி முதல் முடிச்சைப் போட்டுவிட்டு விலகி இடம் கொடுத்தான். உஷாராணி பெண்ணின் பின்னால் குனிந்தாள். பெண் கவிமலர் மாலையைச் சற்று ஒதுக்கித் தலையைத் தாழ்த்திக் கொடுத்தாள். தாமரை பக்கத்தில் விளக்கோடு நின்றாள்.

இரண்டாவது முடிச்சு விழுந்தது. எப்படி விழுந்தது என்று தாமரைக்கே தெரியவில்லை. மூன்றாவதுக்கு அக்கா கயிற்றின் இரு முனைகளையும் பிடித்தாள். நழுவியது. மறுபடி பிடித்தாள். தைலம் பட்ட மஞ்சள் கயிறு மீன்போல வழுக்கியது. விரல்கள் இப்போது நீலம். எதைப் பிடித்திருக்கிறோம், எதை விட்டோம் என்பது அவளுக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். தவில்காரர் ஒரு கண்ணை மேடைமேல் வைத்துக்கொண்டு விடாமல் அடித்தார். அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்நூறு பேர் காத்திருந்தார்கள்.

தாமரை விளக்கைக் கீழே வைத்தாள். கையை நீட்டினால் போதும். அக்கா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். கூப்பிடும் பார்வை இல்லை அது. தாமரையின் கை அங்கேயே நின்றுவிட்டது.

உஷாராணி குனிந்தாள். ரொட்டிப் பொட்டலத்தையும் ஷாம்பூ பாக்கெட்டையும் வருடக்கணக்காக எப்படிப் பிரித்து வந்தாளோ அப்படி, கயிற்றின் ஒரு முனையைப் பல்லில் கவ்வினாள். மறு முனையை அதைச் சுற்றிக் கொண்டுவந்து, இரு கை மணிக்கட்டுகளுக்கும் நடுவில் இடுக்கி இழுத்தாள். முடிச்சு இறுகியது.

மாலையும் சடை அலங்காரமும் மறைத்திருக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று தாமரை ஒரு நொடி நம்பினாள். பிறகு மண்டபத்தின் பக்கச் சுவரைப் பார்த்தாள். படம் பிடிப்பவர் முடிச்சைக் கிட்டத்தில் காட்டுவதற்காகத் தோளுக்கு மேல் கருவியை நீட்டிக்கொண்டிருந்தார். ஆளுயரத்துக்கும் மேலான திரையில், அக்காவின் பற்களும் மஞ்சள் கயிறும் பெண்ணின் பிடரியும் தெளிவாகத் தெரிந்தன.

அட்சதை விழுந்தது, ஆனால் சிதறிச் சிதறி விழுந்தது. பாதிப் பேர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உடை மாற்றும் அறையில் கதவைத் தாளிட்டு, தாமரை ஊசிகளைப் பிடுங்கிப்போட்டு, நனைந்த சட்டையை உரித்தெடுத்தாள். உலர்ந்த துண்டுகளால் அக்காவைச் சுற்றி, அவள் கைகளை அவள் அக்குளுக்குள்ளேயே வைக்கச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் மற்ற விரல்கள் சிவந்து துடிக்க ஆரம்பித்தன. உஷாராணி பல்லைக் கடித்துக்கொண்டாள். கொப்புளம் இருந்த ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் சாம்பல் நிறத்திலேயே கிடந்தது. கட்டு எங்கோ விழுந்துவிட்டிருந்தது. கயிற்றைப் பிடித்துப் பிடித்து இழுத்ததில் கொப்புளம் கிழிந்திருந்தது.

கதவுக்கு வெளியே குரல்கள் கேட்டன. எச்சில் பட்ட தாலி என்று பெண்ணின் அம்மா அழுதாள். குருக்கள் முதலில் தோஷம் ஒன்றுமில்லை என்றார். பிறகு மனசு சமாதானத்துக்கு வேண்டுமானால் நாளைக் காலை கோயிலில் கயிறு மாற்றிக் கட்டலாம் என்றார். அந்த 'வேண்டுமானால்' போதுமாக இருந்தது. நாளை ஏழு மணி என்று அத்தை முடிவாகச் சொன்னாள். நாத்தனார் முடிச்சைத் தாமரை போடுவாள் என்றும் சொன்னாள். தைலத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசலாமா என்று தாமரை யோசித்தாள். தைலத்தைச் சொன்னால் உள்சட்டையையும் சொல்ல வேண்டும்.

சற்று நேரத்தில் கவிமலர் மாலையோடு உள்ளே வந்தாள். துண்டுக்குள் சுருண்டிருந்த உஷாராணியின் அருகில் உட்கார்ந்தாள்.

"கழுத்துல மூச்சு பட்டுச்சுக்கா. நீங்க ஏதோ காதுல சொல்ல வர்றீங்கன்னு நெனச்சேன்."

"என்ன சொல்றது," என்றாள் உஷாராணி. "மன்னிச்சுக்கோம்மா."

கவிமலர் பதில் சொல்ல வாயெடுத்தாள். அவள் அம்மா வெளியே இருந்து கூப்பிட்டாள். கவிமலர் எழுந்து போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தாமரை மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினாள். விரல் நிறத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்ன தாதி, நுனி கறுத்தாலோ வலி தாங்க முடியாமல் போனாலோ உடனே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும், இல்லையென்றால் நாளைக் காலை முதல் ஆளாகச் சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும், தள்ளிப் போடவே கூடாது என்றாள். பொழுது சாய்வதற்குள் நுனியில் லேசாக நிறம் வந்தது. கிழிந்த இடத்தைச் சுற்றி மட்டும் ஒரு சாம்பல் வட்டம் மாறவே இல்லை.

பிரவின் தொலைபேசியில் கூப்பிட்டான். பெண் வீட்டில் இருந்தான், குரலைத் தாழ்த்திப் பேசினான். நாளை ஏழு மணிக்குத் தாமரை வந்து கட்டிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும், அக்காவிடம் இப்போது சொல்ல வேண்டாம், பிறகு அவனே சொல்லிக்கொள்வான் என்றான். யாரையும் நோகாமல் வைக்கப் பார்க்கிறான் என்பது தாமரைக்குப் புரிந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தாள்.

திரும்பினால் அக்கா வாசல்படியில் நின்றிருந்தாள். தாமரை பேசியதைக் கேட்டிருக்கிறாள்; மீதி மண்டபத்திலேயே கதவு வழியாக அவள் காதில் விழுந்ததுதான்.

"போய்க் கட்டிட்டு வா," என்றாள் உஷாராணி. "நல்லா இறுக்கித்தான் கட்டிருக்கேன். மொதல்ல அத அவுக்க முடியுதான்னு பாருங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

தாமரை அம்மாவிடம் போய், நாளை கோயிலுக்கு வரமுடியாது என்றாள். அரை மணி நேரம் கட்டிவிட்டுப் போனால் என்ன, மருத்துவமனை ஓடிவிடாது என்றாள் அம்மா. கொஞ்சம் பொறுத்து, அத்தைக்கு யார் பதில் சொல்வது என்றாள். அதற்கும் சேர்த்துத்தான் தாமரை யோசித்துப் பார்த்திருந்தாள். முடிச்சு ஒருமுறை விழுந்துவிட்டது, போட வேண்டியவள் போட்டுவிட்டாள், அதன் மேல் தாமரை கை வைக்க மாட்டாள். இதைத் தெளிவாகச் சொல்ல நினைத்தாள். வாயில் வந்தது வேறு.

"சட்டைய நான்தான்மா போட்டுவிட்டேன். வெயில நான் நெனச்சே பாக்கல."

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் புரியாதவள்போல இருந்தாள். பிறகு மெதுவாக எழுந்து போய், அத்தையைக் கூப்பிடத் தொலைபேசியை எடுத்தாள். என்ன சொல்லப் போகிறாள் என்று தாமரை நின்று கேட்கவில்லை. மேசைக்குப் போய் உட்கார்ந்து எழுதினாள்.

செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை.

முடிச்சை அக்கா போட்டாள். நான் கை நீட்டவில்லை. நீட்டியிருக்க வேண்டுமா என்று இப்போதும் தெரியவில்லை. நீட்டியிருந்தால் விரல் கிழிந்திருக்காது.

நாளை: ஆறு மணிக்குக் கிளம்பி அக்காவைச் சிறப்பு மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.